பிடிக்காத நாவலை முடித்த பிறகு: ஒரு கிறிஸ்தவத் திகில் கதை பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு மாதமாக, இங்கே பினாங்கில், பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே பெர்ரியில் ஒரே புத்தகத்தைக் கையில் வைத்திருந்தேன். பார்த்தவர்கள் என்ன புத்தகம் என்று கேட்டார்கள். முடித்துவிட்டேன், பிடிக்கவில்லை என்று சொன்னதும் கேள்விகள் இன்னும் கூடின. சபையில் ஒருவர், வேலையிடத்தில் ஒருவர், வீட்டில் மூன்று பேர். ஆளுக்கு ஒரு பதில் சொல்லியே பாதி விஷயம் விட்டுப்போனது. அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

எந்த நாவல்? கதை என்ன?

ஃபிராங்க் பெரெட்டி எழுதிய 'திஸ் பிரசன்ட் டார்க்னஸ்'. 1986ல் அமெரிக்காவில் வந்தது. முதலில் மெதுவாக விற்று, பிறகு 20 லட்சம் பிரதிக்கு மேல் போனது. கிறிஸ்தவத் திகில் நாவல் என்று இன்று புத்தகக் கடைகளில் தனி அலமாரி இருக்கிறதென்றால் அதற்கு இந்தப் புத்தகம் ஒரு பெரிய காரணம். பெரெட்டியின் அப்பா போதகர். அவரும் கொஞ்ச காலம் உதவிப் போதகராக இருந்தார், பிறகு பனிச்சறுக்குப் பலகை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்.

கதை நடப்பது ஆஷ்டன் என்ற சின்னக் கல்லூரி ஊரில். உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் மார்ஷல், சிறிய சபை ஒன்றின் இளம் போதகர் ஹேங்க், இருவரும் தனித்தனியாக ஒரே சதியைக் கண்டுபிடிக்கிறார்கள். வெளியே தியானம், மனோதத்துவ வகுப்பு என்று தெரிகிற ஓர் அமைப்பு ஊரையே வளைத்துப் போடப் பார்க்கிறது. அதன் பின்னால் இருப்பது பிசாசுகளின் சேனை. கண்ணுக்குத் தெரியாத மட்டத்தில் தால் என்ற தேவதூதர் தளபதியும் ரஃபார் என்ற பிசாசுத் தலைவனும் மோதுகிறார்கள். ஊர் ஜனங்கள் ஜெபித்தால் தூதர்களுக்குப் பலம் ஏறுகிறது. ஜெபம் ஓய்ந்தால் அவர்கள் தளர்ந்துபோகிறார்கள். யாத்திராகமத்தில் மோசே கையை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரவேலர் மேற்கொண்டார்கள், கை தாழ்ந்தபோது அமலேக்கியர் மேற்கொண்டார்கள் அல்லவா, அந்த நினைவு வந்தது.

முடிவைச் சொல்லிவிடுவீர்களா?

மாட்டேன். படிக்கப்போகிறவர்கள் பயப்பட வேண்டாம்.

உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?

என் அண்ணி சொல்லித்தான். புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தை அவர்தான் நடத்துகிறார். "இந்தப் புத்தகத்தைப் படிச்சபிறகுதான் ஜெபத்துல தூங்காம உக்கார கத்துக்கிட்டேன்" என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். அவரிடம் இருந்த பிரதி யாருக்கோ இரவல் போய்த் திரும்பவில்லை. நான் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது, சமையல் குறிப்புகளுக்கும் பள்ளிப் பயிற்சி நூல்களுக்கும் நடுவே இது கிடைத்தது. அட்டை மடிந்து, தாள்கள் தேயிலை நிறத்துக்கு மாறி, பாதி வரைக்கும் யாரோ பென்சிலால் கோடு போட்ட பிரதி. அந்தப் பென்சில் கோடுகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிடிக்கவில்லை என்று எந்தப் பக்கத்தில் தெரிந்தது? அங்கேயே மூடியிருக்கலாமே?

அறுபது பக்கத்துக்குள் தெரிந்துவிட்டது. பொதுவாக நான் அப்படி மூடிவைக்கத் தயங்கமாட்டேன். படிக்க எத்தனையோ இருக்கிறது, ஆயுசு ஒன்றுதான்.

இதை மூடாததற்குக் காரணம் அண்ணி. ஒருவர் தன் ஜெப வாழ்க்கையே மாறியது என்று ஒரு புத்தகத்தைக் காட்டும்போது, அறுபது பக்கம் படித்துவிட்டு "எனக்கு ஒத்துவரல" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் எதைக் கண்டார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அவர் போன தூரம் நானும் போக வேண்டும். இன்னொன்று, பிடிக்கவில்லை என்பதை முழுதாகத் தெரிந்துகொண்டு சொல்ல விரும்பினேன். பாதியில் விட்ட புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் கம்மிவிடும்.

பயமாக இருந்ததா?

இல்லை. கந்தக நாற்றம், தோல் சிறகு, மஞ்சள் கண் என்று விவரிக்க விவரிக்கப் பயம் குறைந்துதான் போனது. கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த என் அம்மா, பால்மரக் (ரப்பர்) காட்டில் விடியுமுன் கேட்கும் ஒரு சத்தத்தைப் பற்றி இரண்டே வரியில் சொல்லுவார். அது என்ன என்று கடைசிவரை சொல்லமாட்டார். அதற்கு எனக்கு இன்றைக்கும் முதுகு சில்லிடும்.

அப்படியானால் எதுதான் பிடிக்கவில்லை?

மனிதர்கள். நாவலில் மனிதர்கள் போதவில்லை.

ஒருவன் கோபப்பட்டால் அவன் தோளில் ஒரு பிசாசு உட்கார்ந்திருக்கிறது. ஒருத்தி சோர்ந்துபோனால் இன்னொன்று அவள் காதில் ஊதுகிறது. மார்ஷலுக்கும் அவர் மகளுக்கும் இடையே உண்மையான ஒரு வருத்தம் இருக்கிறது. அப்பாவுக்கு வேலையே பெரிதாகப் போய்விட்டது, மகளுக்கு அது வலிக்கிறது. எந்த வீட்டிலும் நடப்பதுதான். அதை மெல்ல மெல்லத் திறந்து காட்டியிருந்தால் எனக்கு அந்த நாவல் போதும். ஆனால் மகள் கல்லூரி வகுப்புக்குப் போகிறாள், ஆவிகளின் வலையில் விழுகிறாள், அவ்வளவுதான். வருத்தத்துக்கு வேர் வெளியே போய்விட்டது. இருதயத்துக்குள்ளிருந்துதான் பொல்லாத சிந்தனைகள் புறப்படுகின்றன என்று இயேசு சொன்னதாக மாற்கு 7ஆம் அதிகாரம் சொல்கிறது. நாவலில் அந்த உள்ளே என்ற இடமே மிகச் சின்னதாக இருக்கிறது.

என் பாட்டியின் ஜெபத்தோடு ஒப்பிடாமல் என்னால் இதைப் படிக்க முடியவில்லை. பாட்டி பால்மரம் வெட்டியவர். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகுமுன், காலை நான்கு மணிக்கு, மண்ணெண்ணெய் விளக்கைத் தரையில் வைத்து முழங்கால்படியிடுவார். லயத்தில் முதல் கதவிலிருந்து கடைசிக் கதவுவரை வரிசையாக வருவார். முதல் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். மூன்றாம் வீட்டில் அரிசி இல்லை. ஐந்தாம் வீட்டுக்காரன் குடிக்கிறான். "அவன் கை நடுங்குது ஆண்டவரே, கத்தி புடிக்க முடியல, கங்காணி ஏசுறான், அவனைப் பாரும்" என்பார். குடிப்பிசாசே போ என்று பாட்டி சொல்லி நான் கேட்டதில்லை. அவர் பார்த்தது நடுங்கும் கையை. அந்த லயத்தில் பெரும்பாலான வீடுகள் தோட்டத்து எல்லையில் இருந்த முனீஸ்வரரைக் கும்பிட்ட வீடுகள். வரிசையில் ஒரு கதவையும் அவர் தாண்டியதில்லை.

நாவலில் ஜெபிப்பவர்கள் ஊருக்காகத்தான் ஜெபிக்கிறார்கள். ஆனால் ஊரில் யார் வீட்டில் அரிசி இல்லை என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இன்னொரு விஷயம். போதகர் ஹேங்க் மேல் பாலியல் குற்றச்சாட்டு வருகிறது, அது பிசாசுகளின் சதியால் வந்த பொய் என்று கதை காட்டுகிறது. ஒரு கதையில் அப்படி நடப்பதில் தவறில்லை, பொய்க் குற்றச்சாட்டும் உலகத்தில் உண்டு. ஆனால் சபையில் ஒரு பெண் வாய்திறந்து பேச எவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறாள் என்று கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான். "ஊழியக்காரர் மேல சாத்தான் அம்பு விடுறான்" என்ற ஒரே வாக்கியத்தால் ஒரு கூட்டமே அவளுக்கு முதுகைக் காட்டியதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டவில்லை, மெதுவாகத்தான் படித்தேன். வயிறு கலங்கியது.

பிசாசும் தூதர்களும் வேதத்தில் இருக்கிறதே? இந்த நாவலைக் குறை சொல்வது விசுவாசத்தைக் குறை சொல்வதாகாதா?

ஆகாது. இதை நிறையப் பேர் கொஞ்சம் கவலையோடு கேட்டார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

தலைப்பே எபேசியர் 6:12ன் ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. நம் வேதாகமத்தில் "இப்பிரபஞ்சத்தின் அந்தகார லோகாதிபதிகளோடும்" என்று வரும் வசனம். தானியேல் 10ல், பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி 21 நாள் எதிர்த்து நின்றதாகவும் மிகாவேல் உதவிக்கு வந்ததாகவும் தூதன் சொல்கிறான். ரஃபாரைப் பாபிலோனின் பிரபு என்று பெரெட்டி அழைப்பதற்கு விதை அங்கே இருக்கிறது. இதையெல்லாம் நான் நம்புகிறேன்.

ஆனால் தானியேல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்தப் போர் ஓரிரு வசனத்தோடு முடிந்துவிடுகிறது. யார் எந்தப் பக்கம் பறந்தார், வாள் எப்படி மின்னியது, ஒன்றும் இல்லை. மூன்று வாரம் ருசிகரமான அப்பம் சாப்பிடாமல் துக்கித்திருந்த ஒரு முதியவரிடம் "பிரியமான புருஷனே, பயப்படாதே" என்று சொல்லப்படுவதற்குத்தான் இடம் அதிகம். வேதம் எதைச் சுருக்குகிறதோ அதை நாவல் நீட்டுகிறது. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. அவர் நீட்டியதை வேதம் என்று எடுத்துக்கொள்ளாமலிருக்கும் பொறுப்பு நமக்கு உண்டு. எபேசியர் வசனமும் "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்றுதானே தொடங்குகிறது. எதிரே நிற்கும் மனிதன் எதிரி இல்லை என்பது அதன் முதல் பாதி.

இங்கே, பினாங்கில், ஒரு தமிழராகப் படிக்கும்போது வேறு ஏதாவது உறுத்தியதா?

உறுத்தியது. இதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

நாவலில் கெட்டவர்களின் அடையாளம் தியானம், கிழக்கத்திய ஆன்மிகம், உள்ளொளி பற்றிய பேச்சு. 1980களின் அமெரிக்காவில் பெருகிய புதுயுக ஆன்மிக இயக்கங்களைப் பார்த்து அங்கிருந்த சபைகளுக்கு வந்த பயம் அது. அந்த நாட்டில் அது எங்கிருந்தோ வந்த புதுச் சரக்கு.

எனக்கு அது பெரியம்மா வீடு. அம்மாவின் அக்கா குடும்பம் இந்துக்கள். பெரியம்மா மகன், என் அண்ணன், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர். விரதம் இருக்கும் நாட்களில் யார் மேலும் குரல் உயர்த்தமாட்டார். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டு இரவு நாற்காலியில் உட்கார்ந்து தூங்கியவர் அவர்தான். இந்த நாவலின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவர் பின்னால் கறுப்புச் சிறகு ஒன்று தெரிய வேண்டும். அவர் வாங்கிவந்த பசும்பாலைக் குடித்த என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை.

ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாமில் செயின்ட் ஆன் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். மெழுகுத்திரி ஏற்றும் வரிசையில் நெற்றியில் திருநீறோடு எத்தனை பேர், ஊதுபத்திக் குச்சி பிடித்துப் பழகிய சீனப் பாட்டிகள் எத்தனை பேர். என் பெரியம்மாவும் வருவார். இறையியல் ரீதியாக நமக்குள் வேறுபாடு இருக்கிறது, அதை மழுப்பவில்லை. நான் கிறிஸ்துவை ஒரே ஆண்டவராக அறிக்கை செய்கிறவள். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் ஒருவரையும் சேனைக்குள் நுழைந்த ஒற்றராகப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, இனிமேல் கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை.

பிடித்தது எதுவுமே இல்லையா?

இருக்கிறது. பெர்னிஸ் என்ற பெண் நிருபர் எனக்குப் பிடித்தாள். அவளுடைய சகோதரி இறந்துபோயிருக்கிறாள், அது தற்கொலை என்று எல்லோரும் வழக்கை மூடிவிட்டார்கள், அவளால் நம்ப முடியவில்லை. உண்மை தெரியாமல் போகமாட்டேன் என்று அந்த ஊரிலேயே தங்கியிருக்கிறாள். அவள் வரும் பக்கங்களில் நாவலுக்கு மூச்சு வருகிறது.

அப்புறம், ஜெபிக்கும் வயதான பெண்மணி ஒருவர் வருகிறார். பலமில்லாத உடம்பு, ஆனால் அவர் முழங்கால்படியிடும்போது மேலே எல்லாமே மாறுகிறது. இந்த இடத்தில்தான் என் பிரதியில் பென்சில் கோடுகள் நெருங்கி வருகின்றன. வரிக்கு வரி கோடு. ஒரு பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில், தமிழில், 'அம்மாவுக்காக' என்று எழுதியிருந்தது. அதன் கீழே வரிசையாக ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கைக் கோடுகள், ஐந்தாவது குறுக்கே. எண்ணிப் பார்த்தேன், 23. இருபத்துமூன்று நாளோ, இருபத்துமூன்று தடவையோ. அதற்குப் பிறகு புத்தகத்தில் ஒரு கோடும் இல்லை.

அன்றைக்கு பெர்ரி கரை சேர்ந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். இந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு யாரோ தன் அம்மாவைச் சுமந்திருக்கிறார்கள். என் ரசனைக்கு ஒத்துவராத ஒன்று இன்னொருவருக்குக் கைப்பிடியாக இருந்திருக்கிறது. அது தெரிந்தபிறகும் என் கருத்து மாறவில்லை. சொல்லும் தொனி மாறியது.

அண்ணியிடம் எப்படிச் சொன்னீர்கள்?

நேரில் போய்ச் சொன்னேன். போனில் சொல்லும் விஷயமில்லை.

"படிச்சு முடிச்சிட்டேன் அண்ணி. எனக்குப் புடிக்கல."

"கடைசி வரைக்கும் படிச்சியா?"

"கடைசி வரைக்கும்."

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை. "எது புடிக்கல?" என்றார். காவடி எடுக்கும் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அண்ணி அதை மறுக்கவில்லை. "நான் அதைப் படிச்சப்ப எனக்கு ரெண்டாவது பிள்ளை தங்கல. யாராவது எனக்காகச் சண்டை போடுறாங்கன்னு தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு. மத்ததெல்லாம் நான் கவனிக்கல" என்றார். இருபது வருடத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

தனியாகப் படிக்கக் கொடுக்கமாட்டேன். பயந்துவிடுவார்கள் என்பதற்காக இல்லை; பள்ளியில் பக்கத்து மேசையில் உட்காரும் தோழியை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடக் கூடாதே என்பதற்காக. கூடப் படித்துப் பேசுவதாக இருந்தால் சரி.

ஆங்கிலம் கடினமா?

இல்லை. வேகமாக ஓடும் எளிய ஆங்கிலம். பாத்திரங்கள் அதிகம், முதல் நூறு பக்கம் பெயர்களைக் குறித்துவைத்துக்கொண்டால் நல்லது.

அடுத்த பாகம் படிப்பீர்களா?

1989ல் ஒன்று வந்திருக்கிறது. படிக்கமாட்டேன்.

இதற்குப் பதில் தமிழில் என்ன படிக்கலாம்?

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்'. ஜான் பனியனின் புகழ்பெற்ற பயணக் கதையை (1678) அடியொற்றித் தமிழில் காப்பியமாக எழுதி 1894ல் வெளிவந்தது. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, முப்பது வயதுக்குப் பிறகு கிறிஸ்தவரானவர். கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைச் சொல்வார்கள். அவருடைய விருத்தங்களில் கம்பனின் நடை கேட்கும். நம்பிக்கை மாறியது, காது மாறவில்லை. எனக்கு அது மிகப் பெரிய ஆறுதல்.

அங்கேயும் பிசாசு உண்டு, போர் உண்டு, ஆசைக்கும் அச்சத்துக்கும் பெயர் வைத்து மனிதர்களாக நடமாட விட்டிருப்பார்கள். ஆனால் பாவச் சுமை யாத்திரிகனின் முதுகிலேயே இருக்கிறது. எதிரியோடு கைகலப்பதும் அவனேதான். சேற்றில் விழுவதும் அவன்தான். அவன் தடுமாறும்போது நான் என்னைப் பார்க்கிறேன். செய்யுள் கடினமாக இருந்தால் முதலில் பனியனின் கதையை உரைநடையில் படித்துவிட்டு வாருங்கள், வழி தெரிந்துவிடும். எங்கள் சபை முதியவர் ஒருவர் சில விருத்தங்களை ராகத்தோடு பாடுவார். அப்படிக் கேட்டால் கடினம் என்ற எண்ணமே வராது.

படித்து முடித்த பிரதியை என்ன செய்தீர்கள்? யாருக்காவது கொடுப்பீர்களா?

வேலையிடத்தில் ஒரு மலாய்த் தோழி அட்டையைப் பார்த்துவிட்டு, திகில் கதை என்றால் உயிர், இரவல் கொடு என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. முஸ்லிம்களிடையே வேறு சமயக் கோட்பாடுகளைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்கள் சட்டம் இயற்றலாம் என்று நம் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு சொல்கிறது. ஒரு நாவலை இரவல் கொடுப்பது அதில் சேருமா என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதத்துக்குள் அவளை இழுத்துவிட எனக்கு மனமில்லை. காரணத்தை அவளிடம் நேராகவே சொன்னேன், புரிந்துகொண்டாள். அதற்குப் பதில் வேறொரு பேய்க்கதை வாங்கிக் கொடுத்தேன், அதை அவள் இரண்டே நாளில் முடித்துவிட்டாள்.

திரும்ப சௌராஸ்தா மாடிக்கே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 'அம்மாவுக்காக' என்ற அந்தப் பக்கத்தால் முடியவில்லை. அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவருடைய பழைய பிரதிக்குப் பதிலாக. பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் அந்த 23 கோடுகளையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். புதன்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பெயர் தெரியாத அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து ஜெபிக்கிறார்களாம், நானும் போகிறேன்.